'அவர்' என்று சொல்லப்படாதவர்கள்

ஆங்கிலத்தில் ஆண், பெண் என்று பிரிக்காத பிரதிப்பெயர் வேண்டுமா என்ற பேச்சு தமிழர்கள் கூடியிருக்கும் இடத்தில் எழுந்தால், யாராவது ஒருவர், "நமக்கு அந்தச் சிக்கலே கிடையாது, நம் முன்னோர் 'அவர்' என்ற சொல்லால் அதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்" என்று பெருமையோடு சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார். கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஆங்கில ஆசிரியர்கள் கூடியிருந்த ஓரிடத்தில் அண்மையில் இதை மறுபடியும் கேட்டேன். எல்லோரும் ஆமோதித்தார்கள். இலக்கணப்படி அது சரிதான். தொழிலாளி, மருத்துவர், அமைச்சர் என்று எந்தப் பெயருக்குப் பின்னும் 'அவர் வந்தார்' என்று எழுதிவிடலாம், வந்தவர் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. ஆனாலும் அந்தப் பதில் என்னுள் அடங்க மறுத்தது, ஏனென்றால் அந்த 'அவர்' எவ்வளவு எளிதில் மறுக்கப்படும் சொல் என்பதை அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்திருந்தேன்.

என் தங்கையின் மூத்த பிள்ளை கோயம்புத்தூரில் படிக்கிறார். தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ வகுத்துக்கொள்ள முடியவில்லை என்றும், நண்பர்கள் ஆங்கிலத்தில் தன்னை 'தே' (they) என்றே குறிப்பிடுகிறார்கள் என்றும், வீட்டில் 'அவங்க' என்று சொன்னால் போதும் என்றும் ஒரு பொங்கல் விடுமுறையில் எங்களிடம் சொன்னார். பாலினத்தைப் பற்றித்தான் வாக்குவாதம் வரும் என்று தங்கை அஞ்சிக்கொண்டிருந்தாள். வந்தது வேறு. எங்கள் சித்தப்பா சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஆணுமில்லை பொண்ணுமில்லைன்னா சரி, அது பகவான் படைப்பு. ஆனா பேரப்பிள்ளை வயசுல இருக்கிற ஒண்ணெ 'அவங்க வந்தாங்க'ன்னு நான் எப்படிம்மா சொல்றது? நாளைக்கு என்னைய என்னன்னு சொல்லுவீங்க?" என்றார். அவர் குரலில் வெறுப்பு சிறிதும் இல்லை. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத ஒருவர் குடும்பத்தில் இருப்பதை அவர் எங்களில் பலரைவிட விரைவாக ஏற்றுக்கொண்டார். தன்னைவிட ஐம்பது வயது இளையவருக்கு மரியாதைப் பன்மை தருவதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

பால் காட்டாத சொல் நம்மிடம் உண்டு என்பதும், அந்தச் சொல்லை யாருக்குத் தருகிறோம் என்பதும் வெவ்வேறு செய்திகள் என்று அன்று எனக்குத் தோன்றியது. ஆங்கிலேயரின் விவாதத்தை நாம் ஏதோ வேறு ஊர்க் கதை போலக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பொருந்தாதது என்று நினைத்து, அந்த விவாதத்தின் பழைய வரலாற்றை மறுபடியும் படிக்கத் தொடங்கினேன்.

சட்டத்தில் இருந்த 'ஹி'

ஒருமைக்கு 'தே' என்று சொல்வது இந்தத் தலைமுறையின் புதுமை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 1375ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கதைப்பாடலில் இருந்தே அந்த வழக்குக்கு எடுத்துக்காட்டுத் தருகிறது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் தயக்கமின்றி அப்படி எழுதியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில்தான் இலக்கண ஆசிரியர்கள், யாரென்று தெரியாத ஒருவரைக் குறிக்க 'ஹி' என்ற ஆண்பாற் சொல்லே முறையானது, அதுவே பெண்ணையும் அடக்கும் என்று விதி வகுத்தார்கள். அவ்வாறு முதலில் எழுதியவர்களுள் ஒருவரான ஆன் ஃபிஷர் ஒரு பெண், பள்ளி நடத்தியவர் என்பதை அறிந்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்த விதியைச் சட்டமாகவே இயற்றியது. சட்டங்களில் ஆண்பாற் சொற்கள் வருமிடமெல்லாம், வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, பெண்களும் அடக்கம் என்று கொள்ள வேண்டும். நம் நாட்டில் 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 13ஆம் பிரிவும் இதையே சொல்கிறது, இன்றும் நடப்பில் இருக்கிறது.

'ஹி' பெண்ணையும் அடக்கும் என்பது உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. 1867இல் பிரிட்டனின் வாக்குரிமைச் சீர்திருத்த மசோதாவில் 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நபர்' என்று போட வேண்டும் என ஜான் ஸ்டூவர்ட் மில் திருத்தம் கொண்டுவந்தார், 73க்கு 196 என்ற கணக்கில் அது தோற்றது. அடுத்த ஆண்டு மான்செஸ்டர் பெண்கள், 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்பாற் சொல் எங்களையும் குறிக்கும்தானே, ஆகவே எங்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று நீதிமன்றம் சென்றார்கள். குறிக்காது என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டில் 1916இல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி வழக்கறிஞராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது, கல்கத்தா உயர்நீதிமன்றமும் அதே போலத்தான் முடிவு செய்தது. சட்டத்தில் ஆண்பாற் சொற்கள் இருந்தன, அவை பெண்ணையும் அடக்கும் என்று சொல்லும் 13ஆம் பிரிவும் இருந்தது, ஆனாலும் பெண் வழக்கறிஞர் ஆக முடியாது என்றார்கள். அந்தத் தடையை நீக்க 1923இல் தனியாக ஒரு சட்டமே தேவைப்பட்டது. வரி கட்டவும் தண்டனை பெறவும் அந்த 'ஹி'க்குள் பெண் இருந்தாள். வாக்களிக்கவும் வழக்காடவும் வந்தபோது வெளியே நிறுத்தப்பட்டாள். ஆண்பாற் சொல்லே பொதுச்சொல் என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இந்த வழக்குகளைப் படிக்க வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

புதுச்சொற்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு வழக்கறிஞர் உருவாக்கிய 'தான்' (thon) என்ற ஆங்கிலப் பிரதிப்பெயரை மெரியம் வெப்ஸ்டர் அகராதி 1934இல் ஏற்று 1961இல் நீக்கிவிட்டது. யாரும் அதைப் பேசவில்லை. பேச்சில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த 'தே' மட்டும் நிலைத்தது. 2019இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் எழுத்துநடைக் கையேடு அதை முறையான வழக்காக ஏற்றது, அதே ஆண்டில் மெரியம் வெப்ஸ்டர் அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. பன்மைச் சொல்லை ஒருமைக்கு வைப்பது பிழை என்ற கண்டனம் மட்டும் இன்னும் ஓயவில்லை. தமிழர்களாகிய நாம் அந்தக் கண்டனத்தில் சேர்வதற்கு இடமே இல்லை. 'அவர்' என்பதே பலர்பாற் சொல். ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது வழக்கில் வந்தது, இலக்கண நெறியில் வந்ததன்று என்று தொல்காப்பியக் கிளவியாக்கமே சொல்லிவிட்டது. வழக்கு வென்றது, இலக்கணம் பின்னால் வந்து இடம் கொடுத்தது.

எல்லையின் இரு பக்கங்கள்

எங்கள் ஊரில் ஒரே தெருவில் இரு மொழிகள் ஓடுவதால் சில செய்திகள் எங்களுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. மலையாள வினைச்சொல் பால் காட்டாது. ஆண் வந்தாலும் பெண் வந்தாலும் 'வந்நு'தான், நாளை வருவது யாரானாலும் 'வரும்'தான். தமிழிலோ வினைமுற்றின் கடைசி எழுத்துவரை ஆணா, பெண்ணா, பெரியவரா, சிறியவரா என்று சொல்லித்தான் தீர வேண்டும். ஆனால் மலையாளத்தில் மரியாதை கூடும்போது பால் திரும்பி வருகிறது. மதிப்புக்குரிய ஆணை 'அத்தேஹம்' என்பார்கள், பெண்ணை 'அவர்' என்பார்கள். எழுத்துத் தமிழில் இதற்கு நேர்மாறாக, மரியாதை கூடும்போதுதான் பால் மறைகிறது. நம் பேச்சில் அதுவும் முழுமையாக மறைவதில்லை. 'அவரு' என்றால் பெரும்பாலும் ஆண், பல வீடுகளில் கணவரே. பெண்ணை மதித்துச் சொல்ல 'அவங்க' என்போம். அதனால்தான் தங்கையின் பிள்ளை 'அவரு' என்பதை விட்டு 'அவங்க' என்பதைக் கேட்டார். அந்த நுட்பத்தை எங்களில் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவரே தேர்ந்தார்.

எண்பது கடந்த என் அம்மா இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதத்தை நான் வியப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'அவங்க' என்று சொல்ல அம்மாவுக்கும் வாய் வரவில்லை, பேரப்பிள்ளையின் மனம் நோகவும் விருப்பமில்லை. ஆகவே, "குழந்தை வந்தாச்சா? குளிச்சாச்சா? சாப்ட்டாச்சா?" என்று எல்லாவற்றையும் 'ஆச்சு' போட்டே கேட்கத் தொடங்கினார். அந்த வினையில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, உயர்வும் தாழ்வும் இல்லை. நாளை வருவதைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால் பாதி வாக்கியத்தில் மலையாளத்துக்கு மாறி, "நாளெ வருமோ?" என்று கேட்பார். தமிழில் 'வரும்' என்றால் அஃறிணைக்குப் போய்விடும், மலையாளத்தில் அது எல்லோருக்கும் பொது. இரண்டு மொழிகளுக்கிடையே வாழ்ந்த ஒருவர் யாரும் கேட்காமலே கண்டுபிடித்த வழி இது. ஆனால் இது ஒதுங்கிப்போகும் வழிதான் என்பதை அம்மாவின் மகளாக இருந்தாலும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை கேட்டது 'அவங்க' என்ற சொல்லை, அது இன்னும் அம்மாவின் வாயிலிருந்து வரவில்லை.

பாலக்காட்டு மாவட்டத்தில் இந்த விவாதம் வேறொரு வடிவிலும் நடந்தது. 2021இல் மாத்தூர் ஊராட்சி தன் அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' என்று விளிப்பதை விலக்கியது. 2022இன் தொடக்கத்தில் ஒலசேரியில் உள்ள ஒரு பள்ளி, ஆண் பெண் வேறுபாடின்றி ஆசிரியர்கள் எல்லோரையும் 'டீச்சர்' என்றே அழைக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. 2023 ஜனவரியில் கேரளக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் பள்ளிகளுக்கு அதையே சொன்னது. வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. கேரளத்தில் பள்ளியில் 'டீச்சர்' என்றால் பெண், ஆண் ஆசிரியர் 'மாஷ்' அல்லது 'சார்' என்பதை அறிந்தால்தான் அதன் பொருள் விளங்கும். ஆணுக்குரிய சொல்லைப் பொதுவாக்கிப் பெண்ணை அதற்குள் உட்கார வைப்பதே உலகெங்கும் வழக்கமாக இருக்க, இங்கே பெண்ணுக்குரிய சொல்லுக்குள் ஆண்கள் வந்து அமர வேண்டியிருந்தது. ஆங்கிலப் பாடம் நடத்தியே ஓய்வுபெற்ற எனக்கு அந்த முடிவின் மீது இன்றும் மிகுந்த மதிப்பு உண்டு. எதிர்த்த ஆண்களும் இருந்தார்கள், அவர்களுடைய கூச்சம் எனக்குப் புரிந்தது. இத்தனை காலம் 'ஹி' என்ற சொல்லுக்குள் உட்காரச் சொல்லப்பட்ட பெண்களின் நிலையும் அதுதான்.

ஒரு வாக்குமூலம்

ஓய்வுக்குப் பிறகு நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். இங்கே அலுவலக மொழிகள் மலையாளமும் ஆங்கிலமும் என்பதால், தமிழ் மட்டும் அறிந்தவர்களின் மனுக்களையும் வாக்குமூலங்களையும் ஆங்கிலத்தில் தர ஆள் தேவைப்படுகிறது. அப்படித்தான் கஞ்சிக்கோட்டுப் பக்கத் தொழிற்சாலை ஒன்றின் உள்விசாரணைத் தாள்கள் என்னிடம் வந்தன. துப்புரவுப் பணியில் இருந்த, ஐம்பது வயது கடந்த ஒரு பெண், வேலை நேரத்துக்குப் பின்னும் தன்னைக் கூலியின்றி நிறுத்தி வைக்கிறார்கள் என்று புகார் கொடுத்திருந்தார். மேற்பார்வையாளரின் வாக்குமூலத்தை அவர் தமிழில் சொன்னது சொன்னபடியே எழுதியிருந்தார்கள். நான் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தேன். ஒரு சிக்கலும் வரவில்லை. மேலாளர் 'ஹி', கணக்குப் பிரிவுப் பெண் 'ஷி', எந்திரம் ஓட்டும் இளைஞர் 'ஹி', புகார் கொடுத்தவர் 'ஷி'. படித்துப் பார்த்தால் நான்கு பேரும் ஒரே தளத்தில் நின்றார்கள்.

விசாரணை நாளில், தமிழ் மூலத்தைப் புகார்தாரரிடம் காட்டி ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்புவரை படித்தவர் அவர். மேசையில் தாளை வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, உதடு அசைய நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரல் நின்றுவிட்டது. "டீச்சர், இந்த எடத்தைப் பாருங்க" என்றார். அங்கே இப்படி இருந்தது: "மேனேஜர் சார் வந்தாங்க. கணக்கு மேடம் சொன்னாங்க. அந்தப் பையன் மெஷினை நிறுத்தினான். கூட்டுற பொம்பளை வந்து என்னமோ சொல்லுச்சு." அவர் குரலை உயர்த்தவில்லை. "கணக்கம்மா எம்மகளை விடச் சின்னவங்க. அவங்க 'சொன்னாங்க'. நானு 'சொல்லுச்சு'. நாயி பூனை சொல்லுமா டீச்சர்?" என்று கேட்டார். விசாரணை அதிகாரி மலையாளி. என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். நான் என் ஆங்கிலத் தாளைப் பார்த்தேன். அந்தப் பெண் சுட்டிக்காட்டிய அநீதி அதில் எங்குமே இல்லை.

எங்கள் பக்கத்தில் 'அந்தப் பொண்ணு வந்துச்சு' என்று உரிமையோடு சொல்வது உண்டு, அதில் எப்போதும் இழிவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அம்மா 'குழந்தை தூங்குது' என்று சொல்லும்போது அந்த அஃறிணையில் இருப்பது முழுக்க அன்பு. மேற்பார்வையாளரும் தான் தவறாக ஏதும் சொன்னதாக நினைத்திருக்க மாட்டார். ஆனால் ஒரே மூச்சில் சொன்ன நான்கு வாக்கியங்களில் அவர் நான்கு பேரை எங்கெங்கே வைத்தார் என்று பாருங்கள். மேலே இருந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வினைமுடிபு, அங்கே பால் மறைந்துவிட்டது. நடுவில் இருந்த இளைஞர் 'ஆன்' பெற்று ஆணாகத் தெரிந்தார். எல்லோருக்கும் கீழே இருந்தவர் மனிதர் என்ற திணையையே இழந்தார். தமிழில் பால் பேதமற்ற இரண்டு இடங்கள் இருக்கின்றன, ஒன்று உச்சியில் இருக்கிறது, மற்றொன்று அடியில் இருக்கிறது. 'நமக்கு அந்தச் சிக்கலே கிடையாது' என்று சொல்கிறவர்கள் உச்சியில் இருப்பதை மட்டும் பார்க்கிறார்கள். திருநங்கைகளை நம் தெருக்கள் பல தலைமுறைகளாக 'அது' என்றே சுட்டி வந்ததை நினைத்தால், அடியில் இருப்பது யாருக்காக வைக்கப்பட்டது என்பதும் விளங்கும். 2014இல் உச்சநீதிமன்றம் அவர்களுடைய அடையாளத்தைச் சட்டத்தில் ஏற்றது. சட்டம் ஏற்ற பிறகும் எத்தனை வாய்களில் வினைமுற்று மாறியிருக்கிறது என்று நானே கவனித்து வருகிறேன், மிகச் சிலவற்றில்தான்.

அதிகாரியிடம் நான் விளக்கிச் சொன்னேன். மூலத்தில் சாட்சி முதல் இருவரை மரியாதைப் பன்மையிலும், மூன்றாமவரை மரியாதையற்ற ஆண்பால் ஒருமையிலும், புகார்தாரரை அஃறிணையிலும் குறிப்பிட்டிருக்கிறார், ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு தெரியாது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் குறிப்பு சேர்க்க அனுமதி கேட்டேன். வழக்குக்கு அது தேவையா என்று முதலில் தயங்கினார். இவரைக் கூலியின்றி நிறுத்திவைக்கலாம் என்று ஏன் நினைத்தார்கள் என்பதற்கும் அந்த வினைமுற்றுக்கும் தொடர்பு இருக்கிறது என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சேர்க்கச் சொன்னார். குறிப்புடன் கூடிய தாளில்தான் அந்தப் பெண் கையெழுத்திட்டார்.

அந்த நாளுக்குப் பிறகு என் வேலையில் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். சாட்சி சொன்னதை மாற்றுவதில்லை, 'சொல்லுச்சு' என்றால் அப்படியே விட்டுக் குறிப்பெழுதுகிறேன். என் சொந்த வாக்கியங்களில் எல்லோரும் 'அவர்'தான், குற்றம் சாட்டப்பட்டவரும் பதினாறு வயதுக் கடைப் பணியாளரும் உட்பட. சிலர் ஒப்பவில்லை. செய்தித்தாளில் பணியாற்றிய நண்பர் ஒருவர், கைதானவரை 'அவர்' என்று எழுதினால் வாசகர்கள் கோபப்படுவார்கள் என்றார். தீர்ப்பு வருமுன்பே ஒருவரின் வினைமுற்றைப் பறிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பதே என் பதில். எல்லோருக்கும் கொடுத்தால் மரியாதைக்கு மதிப்பேது என்று சித்தப்பா கேட்கிறார். அவரை நான் மிகவும் மதிக்கிறேன், அந்த மதிப்பு என் பிள்ளைகளுக்கு நான் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததில் இருந்து வரவில்லை என்று அவரிடமே சொன்னேன். இன்னும் அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் போன மாதம் தொலைபேசியில், "உன் தங்கச்சி பிள்ளை பரீட்சை எழுதியாச்சா?" என்று கேட்டார், அம்மாவின் வழிக்கு வந்திருக்கிறார்.

அந்தத் தொழிற்சாலை பின்னர் தன் பணியாளர் கையேட்டைத் தமிழில் பெயர்க்க என்னையே அழைத்தது. ஆங்கில மூலம் முழுவதும் 'தே' என்றிருந்தது, நானும் முழுவதும் 'அவர்' என்று எழுதினேன், யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகைகளையும் சரிபார்க்கச் சொன்னார்கள். அலுவலகக் கட்டடத்தில் 'தண்ணீரை வீணாக்காதீர்கள்' என்று இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் கொட்டகைச் சுவரில் 'எச்சில் துப்பாதே' என்று இருந்தது. ஆங்கிலப் பட்டியலில் இரண்டும் ஒரே ஏவல் வடிவில்தான் இருந்தன, தமிழில் எழுதியவர் சுவரைப் பார்த்து வினையைத் தேர்ந்திருக்கிறார். கொட்டகைப் பலகையிலும் 'துப்பாதீர்கள்' என்று இருக்க வேண்டும் என எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது மாற்றுவதாகப் பதில் வந்தது. சுவர் முழுவதற்கும் பெயிண்ட் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அந்த ஒரு சொல்லை மட்டும் இப்போதே அழித்து எழுதிவிடலாம் என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன்.